அநியாய ராஜ்யம்

"இதெல்லாம் ஒரு ராஜ்யமா? கேக்க நாதியில்லையா?" என்று அப்பா பகடையை மேஜைமேல் வீசினார்.

மகள் புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்த விளையாட்டு அது. கோட்டை, ஆறு, எல்லை எல்லாம் அட்டையில் வரைந்து முடித்து, ஆடிப் பார்க்க அப்பாவை மந்திரியாக உட்கார வைத்திருந்தாள்.

"சட்டம் அப்படிப்பா. ராஜாவுக்கு அப்புறம் பட்டம் இளவரசனுக்குத்தான்."

"அவன் வேட்டை, விருந்துன்னு ஊர் சுத்தினவன்மா! ராஜா எதிரிகிட்ட மாட்டிக்கிட்டப்போ படையைக் கட்டி மேய்ச்சது யாரு? கஜானாவை நிரப்பினது யாரு? மூத்த இளவரசிதானே!"

"அவ என்னைக்கிருந்தாலும் இன்னொரு நாட்டுக்கு வாழப்போறவளாம். ராஜா சொல்றார்."

"அந்த ராஜாவுக்குப் புத்தி மழுங்கிப் போச்சு! உழைக்கிறது ஒருத்தி, உக்காந்து சாப்பிடறது ஒருத்தனா? மாத்தும்மா அந்தச் சட்டத்தை. ஆடறவன் காறித் துப்புவான்!"

மகளின் முகம் சிவந்தது.

"சட்டம் நான் போட்டது இல்லப்பா. நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ நம்ம மரப்பட்டறையை மூடவிடாம நடத்தினது நான். இன்னைக்குக் காலையில தம்பி பேரை மட்டும் போட்டு வாசல்ல பலகை மாட்டினது நீங்க."

அட்டையில் இருந்த கோட்டையையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கடைசியில் மெல்ல முனகினார்.

"பலகையை நாளைக்கே மாத்திடலாம்மா..."

"வேண்டாம்ப்பா. எதிர்த் தெருப் பட்டறையில என்னை மேனேஜராக் கூப்பிட்டாங்க. வரேன்னு சொல்லிட்டேன்."