அண்ணன் வீட்டை விட உயரமாக

அண்ணன் வீட்டுப் புகைபோக்கியை விட ஒரு முழமாவது உயரமாக இருக்க வேண்டும் என்று சவரிமுத்து தன் வீட்டுப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டே போனான். அது உயர உயர, காற்றைப் பேய் மாதிரி இழுத்தது. ஜன்னல் திரைகள்கூட அடுப்பை நோக்கிச் சாய்ந்தன. போட்ட விறகு இரைந்து எரிந்து உடனே சாம்பலானது. அனல் முழுவதும் மேலே போய்விட, வீடு சில்லிட்டுக் கிடந்தது. பனிக்காலம் பாதிகூட முடியவில்லை, விறகு தீரப்போகிறது. போர்வைக்குள்ளும் கைக்குழந்தையின் விரல்கள் விறைத்திருந்தன.

“மேல கொஞ்சம் கல்லை எடுத்துட்டா இழுப்பு குறையும்” என்று மனைவி பிலோமினா பலமுறை கேட்டுவிட்டாள்.

“சாகிற வரைக்கும் நான் அவருக்குக் கீழேயே இருக்கணுமா?” என்பான்.

இன்று காலை அவளே கூரையேறி, கடப்பாறையால் செங்கற்களைப் பெயர்க்கத் தொடங்கினாள்.

“இறங்குடி. அண்ணன் வாசல்ல நின்னு பார்க்கிறார்.”

“பார்க்கட்டும். அவர் வீட்டுல பிள்ளைங்க சட்டையில்லாம விளையாடுது. நீங்களும் போய்ப் பாருங்க.”

“ஏணியை எடுத்துருவேன்.”

“எடுங்க.”

எடுத்தே விட்டான். பிலோமினா அடுத்த கல்லைப் பெயர்த்து முற்றத்தில் போட்டாள். பிறகு புகைபோக்கியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். செங்கல் கதகதப்பாக இருந்தது. இந்தப் பனிக்காலத்தில் முதல்முறையாக அவள் உடம்பு நடுங்கவில்லை. கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

“நம்ம வீட்டுச் சூடு மொத்தமும் இங்கதாங்க இருக்கு” என்றாள். “எனக்காக ஏணியை வைக்க வேண்டாம். பிள்ளையை மேல கொண்டாங்க.”