மூன்றாவது குவளை

மேசையில் ஐந்து குவளைகளில் காப்பி இருந்தது. எது யார் காய வைத்த கொட்டை என்பது குவளையின் அடியில் எழுதியிருந்தது. மகனுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா ஒவ்வொன்றாக ஒரு கரண்டி உறிஞ்சி, ருசி பார்த்துத் துப்பினாள். தேறியவை நாளை கப்பலேறும்.

மூன்றாவதில் முகம் சுளித்தாள்.

"பூஞ்சை வாடை. எந்தச் சோம்பேறிடா காய வச்சான்? காயுற கொட்டையைச் சோளக்கொல்லைப் பொம்மைகூட இதைவிட நல்லா கிளறிவிட்டிருக்கும். தள்ளு."

"இந்த ஒரு தடவை சேர்த்துக்கலாம்மா."

"நம்ம தோட்டத்துப் பேர் போட்டுப் போற மூட்டைடா! ஆளைப் பார்த்தா நாக்கு பொய் பேசும்னு உங்கப்பா சொல்வாரே, மறந்துட்டியா?"

மகன் குவளையைத் தூக்கி அடியைக் காட்டினான்.

போன மாதம் இறந்துபோன அப்பா கடைசியாகக் காய வைத்த கொட்டை.

அம்மா குவளையை வாங்கிக்கொண்டாள்.

"மணிக்கொரு தரம் கிளறுற மனுஷன். கையைத் தூக்கவே தெம்பில்லாம இருந்திருக்கார். ஒரு வார்த்தை சொல்லலியே..."

"சேர்த்துடலாமாம்மா?"

"வேணாம். அவர் இருந்தாலும் தள்ளத்தான் சொல்லியிருப்பார்."

மற்றதையெல்லாம் துப்பியவள், அந்தக் குவளையை மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.