மூன்றாவது திரை

ஞாயிறு மாலை சரியாக நாலு மணிக்குப் பெரியவன் அம்மாவின் திரையில் வந்துவிட்டான். அதே நீலச் சட்டை, அதே கலைந்த தலை.

"என்னம்மா, நல்லா இருக்கியா?"

"எனக்கென்னடா, ராணி மாதிரி படுத்திருக்கேன். நீ சாப்பிட்டியா?" என்றாள் அம்மா, தலையணையில் சாய்ந்தபடி.

"இப்பதான். உப்பைத்தான் கொஞ்சம் தூக்கலாப் போட்டுத் தொலைச்சுட்டேன்."

"நீ சமைச்சா வேற எப்படி இருக்கும்?"

அடுத்த அறையில் சின்னவன் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனோடு இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அம்மா பேசி முடிக்க நேரமானால் படத்தை நிறுத்துவான். முடித்ததும் ஓடவிடுவான். பெரியவன் செத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அடுத்தவர் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வதுதான் சின்னவனுக்குப் பிழைப்பு. எதையும் அழிக்க மனசு வராத பிறவி. அண்ணன் வெளியூரிலிருந்து ஞாயிறுதோறும் அம்மாவோடு பேசியதையெல்லாம்கூட அவ்வப்போது பதிவு செய்து வைத்திருந்தான். தேடி எடுத்ததில் பதினொன்று தேறின.

அண்ணன் செத்த சேதி போனில் வந்தபோது அம்மாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒன்பதே நாள். "அதிர்ச்சி எதுவும் கூடாது" என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். சின்னவன் வேலை விஷயம் என்று சொல்லிவிட்டுப் போய், அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பினான்.

வந்த கையோடு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, வீட்டுத் திரைகளுக்கெல்லாம் படம் அனுப்பும் சர்வராக அதை ஆக்கினான். பதினொன்றையும் அதில் ஏற்றினான், அம்மா பேசிய இடங்களில் மட்டும் சத்தத்தை எடுத்துவிட்டான். அங்கிருந்து ஒரு கேபிள் அம்மா அறைக்கு, இன்னொன்று தன் அறைக்கு. எதுக்குப்பா இதெல்லாம் என்று அம்மா கேட்டதற்கு, "சினிமா பாக்கத்தாம்மா" என்றான்.

அம்மா சொல்லும் பதில் ஒவ்வொன்றும் அந்த இடைவெளியில் அச்சாகப் போய் உட்கார்ந்தது. அவன் பயந்தது ஒரே ஒரு கேள்விக்குத்தான். "எப்பப்பா வருவே?" என்று கேட்காமல் அம்மா பெரியவனிடம் போனை வைத்ததே கிடையாது. அதற்கு அண்ணன் சொன்ன சாக்குப்போக்குகளைக் கேட்க முடியாமல் அவற்றை வெட்டி எறிந்திருந்தான். நல்லவேளை, இந்த நாலு மாதமும் அம்மா ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் மறதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அழுகை மட்டும் அவனுக்கு வரவேயில்லை. நெஞ்சு மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, போன இடத்தில் வேலையும் நடந்தது.

மனைவிக்குத்தான் தாங்கவில்லை. "ஏங்க, இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமைக்கு இந்தக் கூத்து?" என்றாள் போன வாரம்.

"தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டா. அண்ணனை விட்டாச்சு. அம்மாவையும் விடச் சொல்றியா?" அவன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அப்ப அந்தக் குரல் என் காதுல விழாம ஏதாவது பண்ணுங்க. ஹால்ல எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் மாட்டிக் குடுங்க. சினிமான்னு நீங்க சொன்னது ஒரு இடத்துலயாவது நிஜமா இருக்கட்டும்."

இன்று காலையில்தான் அதையும் அதே சர்வரில் மாட்டினான். மூன்று திரையிலும் படம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான், வந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்தவர் வீடாக இருந்தால் அதைத்தான் முதலில் செய்திருப்பான்.

நாலு பத்துக்கு ஹாலில் மனைவி ஒரு படத்தைப் போட்டாள். மாடிப்படிக்கு அடியில் கிழட்டு சர்வருக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, மாத்திரைய மட்டும்..." என்ற பெரியவன் அப்படியே நின்றுவிட்டான்.

சின்னவன் தட்டாத பட்டன் இல்லை. எதுவும் அசையவில்லை. ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மா அறைக்கு ஓடினான். திரையில் அண்ணன் வாயைத் திறந்தபடி, பாதி மூடிய கண்ணோடு உறைந்திருந்தான்.

"நெட் போயிடுச்சும்மா. அண்ணன் இப்பத் திரும்பக் கூப்பிடுவான்," என்றான் சின்னவன், கேபிள் நுனியைத் தடவிக்கொண்டே.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாத்திரைய மட்டும் மறந்துடாதேம்பான். உடனே ஒரு தும்மல் போடுவான். அதுக்கு நான் நூறு வயசுன்னு சொல்லணும். ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

சின்னவனின் கையிலிருந்து கேபிள் நழுவியது. "அம்மா... உனக்கு எப்ப..."

"வேலைன்னு போயிட்டு வந்து வாசல்ல நின்னியே, அப்பவே உன் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னிக்கே கேபிளைத் தூக்கிக்கிட்டு அலைய ஆரம்பிச்சுட்டே. நான் வாயத் திறந்தா நீ உடைஞ்சிடுவியோன்னு பயந்துதான் பேசாம இருந்தேன்."

கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். ஹாலில் சினிமா ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எப்பப்பா அழப்போறே?"