பாதி மாத்திரை

ஊரிலிருந்து வந்திருந்த மகள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையைக் கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அப்பா தன் வாயில் போட்டுக்கொண்டார். மீதிதான் அம்மாவுக்கு.

வேலியே பயிரை மேய்கிற கதை! அம்மாவுக்கு அழுத்தம் ஏன் இறங்கவே இல்லை என்று டாக்டரே மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார். காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இருவரையும் இழுத்துக்கொண்டு நேராகக் கிளினிக்குக்குப் போனாள்.

"டாக்டர், சீக்காளி மாத்திரையில இவருக்குப் பங்கு வேணுமாம். ஏன்னு நீங்களே கேளுங்க. என்கிட்ட வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்."

அப்பா திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா, மறதி வந்ததிலிருந்து யாரிடமும் தராத கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

டாக்டர் முதலில் அப்பாவுக்குத்தான் அழுத்தம் பார்த்தார். அளவைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"தலை சுத்துதா?"

"எழுந்திருக்கும்போது கொஞ்சம். நேத்து பாத்ரூம்ல விழுந்துட்டேன்."

இது மகளுக்கே தெரியாது.

"அது ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரை, பெரியவரே. முன்னாடி தனித்தனியா எழுதினதைத்தான் போன மாசம் ஒண்ணா எழுதிக் கொடுத்தேன். உடைக்கவே கூடாது, முழுசா விழுங்கணும். பாதி அவங்களுக்குப் பத்தாது. நல்லா இருக்கிற உங்களுக்கு அந்தப் பாதியே எமன்!"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் சாப்பிட்டுக் காட்டினாத்தான் அவ சாப்பிடுறா டாக்டர். வேற மாத்திரையைப் போட்டுக் காட்டினா, 'அது வேற, இது வேற'ங்கிறா. அதான் ஒரே மாத்திரையை வெட்டி, அவ எதிர்ல பாதியை நான் முழுங்கிடுவேன். மீதியாவது அவ வயித்துக்குள்ள போகட்டுமேன்னு..."

கண்டபடி பேசிவிட்டோமே என்று மகளுக்கு மனசு குமைந்தது. அந்தக் கோபமெல்லாம் இப்போது அம்மா மேல் திரும்பியது.

"ஏம்மா, இத்தனை வருஷம் உன்கூட வாழ்ந்த மனுஷன்! அவரா உனக்கு விஷம் வைப்பார்? எப்படிம்மா உனக்கு இப்படித் தோணுச்சு?"

"விடும்மா" என்று அப்பா அவசரமாகக் குறுக்கே வந்தார். "அவளுக்கு ஞாபகமா இருக்கப்போகுது? வா, போகலாம்."

காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில் நிற்காத அம்மா, மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு மாத்திரை தந்தவர் இப்ப ஒண்ணுதான் தர்றார்னு உன்கிட்ட சொன்னேன். 'எதையோ மாத்திக் கொடுக்கிறார், அவர் கையால வாங்கிச் சாப்பிடாதே'ன்னு ஃபோன்ல நீதானேடி சொன்னே?"