மோதிர விரல் இல்லாத கை

1989இல் பம்மலில், இரும்புத் தொட்டிப் பட்டறை ஒன்றில் காந்திமதி முதல்முறையாகத் தனி ஆளாக, துரு போக காற்றழுத்தக் குழாயால் மணல் அடித்தாள். பொம்பளை பிடித்தால் அந்த ஓசுக் குழாய் கையை விட்டுப் பறக்கும் என்று மேஸ்திரி குப்புராஜ் காலையிலேயே சொல்லியிருந்தார். பத்து மணிக்குள் பழைய தொட்டியின் துரு முழுக்கப் போய், இரும்பு வெள்ளியாய் வெளுத்து நின்றது.

மணல் அடித்த இரும்பை வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வை பட்ட இடம் துருப்பிடித்துவிடும். வேலையைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் அதில் ஒரு கைத்தடத்தைக் காட்டினார். செம்பழுப்பாக, நாலே விரல். மோதிர விரல் இல்லை.

"யாரும்மா தொட்டது?"

குப்புராஜ்தான் மெதுவாகச் சொன்னார். "இவ வூட்டுக்காரன் யேசுதாசன் கை சார். வேலை சுத்தமா கீதுன்னா இப்டித்தான் கை வைப்பான். மணல் தூசில நெஞ்சு கெட்டு, செத்து மூணு வருசம் ஆச்சு."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, திருப்பி அடிக்கச் சொன்னார். அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு அத்தனை பேர் பார்க்க அடித்தாள். தடம் போனது.

"இவ்ளோ சுத்தமா நான் பார்த்ததில்ல," என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம், புடவைமேல் மாட்டிய வேலைச் சட்டையோடு அவள் பஸ் ஏறினாள். பின்னால் நின்ற பெண் கூப்பிட்டாள். "அக்கா, உங்க தோள்ல யாரோ மண்ணுக் கையோட தட்டிக் குடுத்துக்கீறாங்க. நாலு விரல் தெரியுது. தொடச்சு வுடட்டா?"

"வேணாம்மா," என்றாள் காந்திமதி, நிமிர்ந்து நின்றபடி. "இருக்கட்டும்."