சுடத்தான் கூடாது

"துப்பாக்கி உள்ள போகலாம் சார். சுடத்தான் கூடாது."

சரணாலய வாசலில், மர மேஜைக்குப் பின்னால் நின்ற காவல்காரப் பெண் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். குவாரி முதலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போன வருடம் அவர் கையால் செத்த காவலாளியும் கடைசியாகச் சொன்னது இதைத்தான். அதுவும் இதே மாதிரி 'சார்' போட்டு!

"தெரியும்மா. சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவன் நான்," என்று லைசென்ஸை நீட்டினார்.

அவள் அதிலிருந்த பெயரைப் படித்தாள், முகத்தைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள். வேலைக்குப் புதுசு போலிருக்கிறது. வந்திருப்பது யாரென்றே பாவம் தெரியவில்லை.

"குழலைத் துடைக்கணும், குடுங்க சார்."

அந்தக் காட்டின் வழக்கம் அது. உள்ளே போகும்போது கம்பியில் துணி சுற்றித் துப்பாக்கிக் குழலைத் துடைப்பார்கள். திரும்பும்போதும் துடைப்பார்கள். அப்போது துணியில் கரி ஒட்டினால் ஆசாமி உள்ளே சுட்டிருக்கிறான் என்று அர்த்தம், கம்பி எண்ண வேண்டியதுதான்.

முதலாளி அதற்கும் தண்ணி காட்டியவர். போன வருடம் மான் வேட்டையில் குறுக்கே வந்த காவலாளியைச் சுட்டுத் தள்ளிவிட்டு, குழலுக்கு எண்ணெய் விட்டுத் தானே துடைத்துக்கொண்டு, விசிலடித்தபடி வெளியே வந்தார். வாசலில் துணி வெள்ளை வெளேரென்று வந்தது. கோர்ட்டில் இன்றுவரை அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த வெள்ளைத் துணிதான்.

ஒரே ஒரு தொல்லை, காட்டு வழிகாட்டி. காவலாளி விழுந்ததைப் புதர் மறைவிலிருந்து பார்த்துத் தொலைத்துவிட்டான். திங்கட்கிழமை அவன் கூண்டில் ஏறி வாயைத் திறந்தால் முதலாளிக்கு ஆயுள் தண்டனை. திறக்க விடாமல் செய்வதற்குத்தான் இன்றைக்கு இந்தப் பயணம்.

அந்தப் பெண் பழைய காக்கித் துணி ஒன்றைக் கம்பி முனையில் இறுக்கிச் சுற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு குழலுக்குள் இடித்தாள்.

"மெதுவாம்மா! அது துப்பாக்கி. நீ பாட்டுக்கு உலக்கை போடுற?"

"பழகிடும் சார்." கம்பியை உருவி மேஜைக்கு அடியில் போட்டாள். "சுத்தமா இருக்கு. போங்க."

வழக்கமாகத் துடைத்த துணியை விரித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதைக்கூட இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

வழிகாட்டி ஓடைக்கரையில் தனியாக முகம் கழுவிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் துப்பாக்கிக் கட்டை அவன் பிடரியில் இறங்கியது. குப்புற விழுந்தவனைப் புரட்டிப் போட்டு, வாயிலேயே இன்னொரு அடி. பல்லும் ரத்தமுமாகத் துப்பினான்.

"இந்த வாய்தானடா எனக்கு எதிரா சாட்சி சொல்லப் போவுது?" விலாவில் ஓங்கி உதைத்தார். ஏதோ முறியும் சத்தம் கேட்டது.

"அண்ணே... விட்டுடுங்கண்ணே... ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்குண்ணே..." வழிகாட்டி அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

"அப்பன் இல்லாம இருக்க அதுங்களுக்கும் பழகிடும்டா."

சாவகாசமாகக் குண்டைப் போட்டார். குழல் முனையை அவன் நெற்றிக்கு நேராகப் பிடித்தார். வழிகாட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டான். முதலாளி விசையை இழுத்தார்.

காடே அதிர்ந்தது.

ஜீப் தாறுமாறாக ஓடி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் வழிகாட்டி! வாய் வீங்கி, ரத்தம் தோய்ந்த சட்டையோடு கீழே இறங்கி, விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பின்னால் கிடந்தவர் முதலாளி. வலது கையில் விரல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, ஒரு கண் போய்விட்டது. பக்கத்தில் அவருடைய துப்பாக்கி, உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி குழல் பிளந்து கிடந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்த துப்பாக்கி எப்படி வெடித்தது என்று அந்த வலியிலும் அவருக்குப் புரியவில்லை.

காவல்காரப் பெண் ஓடி வந்து கைக்கு இறுக்கிக் கட்டுப் போட்டாள். வாயில் தண்ணீர் விட்டாள்.

"ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு சார். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. கேஸ் முடியுற வரைக்கும் நீங்க நல்லா இருக்கணும்."

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண் அவளை விட்டு மேஜைக்கு அடியில் போயிற்று. அங்கே கம்பி கிடந்தது, மொட்டைக் கம்பி. உள்ளே போன துணி வெளியே வரவேயில்லை.

"து... துணி..." என்று குழறினார்.

அவள் பிளந்த குழலின் இடுக்கிலிருந்து கருகிய காக்கித் துண்டு ஒன்றை விரலால் பிடுங்கினாள். வழக்கப்படி அதை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"என் வீட்டுக்காரரோட சட்டை சார் இது. நீங்க சுடாம இருந்திருந்தா, உங்கள ஒண்ணும் பண்ணியிருக்காது."