சம்சாரம் கொடுத்த பயறு

"என் சம்சாரத்துக்குக் கொஞ்சம்கூட அறிவே கிடையாது மேடம். இன்னிக்கும் பாருங்க, முளைகட்டின பயறு!"

டிபன் பாக்ஸை மேஜையில் டொக்கென்று வைத்தார் கமா சார்.

அச்சகத்தின் மாடி அறையில் அவர்கள் இரண்டே பேர். கமா, முற்றுப்புள்ளி உட்பட எல்லாவற்றையும் அவர் உரக்கப் படிப்பார். அதைக் கேட்டு அவள் அச்சுப் பிழை திருத்துவாள். அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர்.

அவளுக்கு வயிற்றுப்புண். காலையில் வெறும் டீ, மத்தியானம் இன்னொரு டீ என்று ஓட்டியதன் பலன். வலி வந்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள்.

"வயித்தைக் காயப் போடாதீங்கம்மா" என்று மாத்திரை கொடுத்திருந்தார் டாக்டர். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைக் கவனித்துவிட்டு ஓடி வருகிறவளுக்குச் சமைக்க ஏது நேரம்? யாராவது சாப்பாட்டை நீட்டினாலோ, "யார் பரிதாபமும் எனக்கு வேணாம்" என்று வெட்டிவிடுவாள்.

ஆனால் கமா சார் கேட்டது உதவி.

"இதை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போனா வீடு ரெண்டாயிடும். கொஞ்சம் காலி பண்ணிக் கொடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஆவியில் பதமாக வெந்து, உப்பு மட்டும் தூவிய பயறு. முதல் நாள் அவருக்காகச் சாப்பிட்டாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மாத்திரையும் பயறுமாக வலி மெல்ல அடங்கியது. பென்சில்கள் பிழைத்தன.

அவர் புலம்பல்தான் அடங்கவில்லை. ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தினமும் ஊறவெச்சு, துணியில கட்டி, வேகவெச்சுக் கொடுக்கறாங்க. அந்த மகராசியைத் திட்ட உங்களுக்கு எப்படி சார் மனசு வருது?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சரி, விட்ட இடத்துலேர்ந்து படிக்கட்டுமா?"

'நல்ல மனுஷன்தான். பொண்டாட்டி அருமை மட்டும் தெரியலை' என்று நினைத்துக்கொண்டாள்.

அச்சகத்தை ஒரேயடியாக மூடியதும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள்.

எத்தனையோ வருடம் கழித்து, ரயில் நிலையத்தில், "மேடம்!" என்று ஒரு குரல். காதோரம் நரைத்த கமா சார். பக்கத்தில் மனைவி, ஒரு சின்னப் பெண்.

அந்தக் குரலைக் கேட்டதுமே மை வாசனையும், கீழே மிஷின் ஓடும்போதெல்லாம் அதிரும் அந்தப் பழைய மேஜையும் அவளுக்குள் வந்து நின்றன.

மகளுக்குத் தண்ணீர் வாங்க அவர் நகர்ந்ததும், மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நாளா உங்களைப் பார்க்கணும்னு ஆசைங்க. உங்க கைப் பயறுதான் அப்போ என் வயித்தைக் காப்பாத்துச்சு. அவர் உங்களைத் திட்டும்போதெல்லாம் உங்களுக்காக நான் சண்டை போடுவேன்!"

அந்த அம்மாள் விழித்தாள். "எப்பங்க இது?"

"அச்சகத்துல வேலை பார்த்தப்போ."

"அச்சகத்தை மூடி, வேற வேலை கிடைச்சப்புறம்தானே எங்களுக்குக் கல்யாணமே ஆச்சு! அதுவரைக்கும் அவர் தனிக்கட்டைங்க."